தாய் மன்னித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

வாசகர் கேள்வி: என் மாமனார் 2022-இல், கடை தொடர்பாக எழுந்த வாய்த்தகராறில், அவருடைய மூத்த மகனால், அதாவது என் மச்சானால், உலக்கையால் அடிக்கப்பட்டு இறந்துபோனார். செஷன்ஸ் நீதிமன்றம் மச்சானுக்கு ஆயுள் தண்டனை விதித்தது; மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. மாமியார் மகனை மன்னித்துவிட்டதாக ஜமாஅத்தில் சொல்லிவிட்டார். "பெற்ற தாயே மன்னித்த பிறகு ஷரீஅத்படி விவகாரம் முடிந்தது, அவர் பங்கையும் பிரித்து எழுதுங்கள்" என்று பெரியவர்கள் சிலர் என் கணவரை வற்புறுத்துகிறார்கள். நாங்கள் ஹனஃபி மத்ஹபை (சட்டப் பள்ளியை)ப் பின்பற்றுகிறவர்கள். இதற்கிடையே கல்லூரியில் படிக்கும் என் மகள், பாகிஸ்தானில் தங்கையைக் கொன்ற அண்ணனைப் பெற்றோர் மன்னித்ததையும், பிள்ளையைக் கொன்ற தந்தைக்கு மரண தண்டனை கிடையாது என்பதையும் எங்கோ படித்துவிட்டு, "இதுதான் நம் மார்க்கமா?" என்று கேட்கிறாள். இரண்டுக்கும் விளக்கம் தேவை.
— தென் மாவட்ட வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் வீட்டு விவகாரத்துக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியாரின் மன்னிப்பு இந்திய நீதிமன்றத்தில் வழக்கை முடிக்காது. ஷரீஅத்திலும் அது உங்கள் மச்சானுக்கு அவருடைய அத்தாவின் சொத்தில் ஒரு காசுகூடத் திருப்பித் தராது. ஜமாஅத் பெரியவர்கள் மன்னிப்பையும் வாரிசுரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். நல்லெண்ணத்தில்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் அது குழப்பம்தான்.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். அது விளங்கினால் பெரியவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்பதும் தானாகவே விளங்கும்.

இஸ்லாமியச் சட்டத்தில் வேண்டுமென்றே செய்யப்பட்ட கொலைக்கு மூன்று வழிகள் உண்டு. கொன்றவரின் உயிரைக் கேட்பது கிசாஸ். உயிருக்குப் பதிலாக ஈட்டுத்தொகை பெறுவது தியத். ஒன்றும் கேளாமல் விட்டுவிடுவது மன்னிப்பு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கொல்லப்பட்டவரின் வாரிசுகளான வலீமாருடைய உரிமை. அல்குர்ஆன் 2:178 இதைச் சொல்கிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வலீக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது, ஆனால் அவர் வரம்பு மீறக்கூடாது என்று 17:33 எல்லை வகுக்கிறது. ஓர் உயிருக்குப் பழியாக எதிர்க் குலத்தில் பத்து உயிர்களை வாங்கிய காலத்தில் இது இறங்கியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்பது புரியும். பழி ஓர் உயிரோடு நிற்க வேண்டும். முடிந்தால் அதுவும் வேண்டாம் என்று பாதிக்கப்பட்ட வீட்டாரே விட்டுக்கொடுக்க வழி இருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் கொன்றவர் ஒரு வீட்டார், மன்னிக்கிறவர் இன்னொரு வீட்டார். இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக்கின் வழக்கில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் எல்லோரும் இதைக் கண்டோம். 2005-இல் சவூதியில் அவர் பணிபுரிந்த வீட்டின் பச்சிளங்குழந்தை இறந்ததற்காக அவர்மீது கொலைக்குற்றம் சுமத்தப்பட்டது. குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. தீர்ப்பின் சரி தவறு பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு, அதற்கு இது இடமில்லை. மன்னிக்கும் உரிமை முழுவதும் எதிர்த் தரப்பின் கையில் இருந்தது என்பதற்காக மட்டும் அதைச் சொல்கிறேன்.

கொலை ஒரே வீட்டுக்குள் நடந்தால் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. மன்னிக்க வேண்டிய தாய், கொன்றவனுக்கும் தாய். இறந்தவளுக்காகப் பேச வேண்டிய அண்ணன், சில வேளைகளில் கொலைக்குத் துணைபோனவனாகவே இருப்பான். மன்னிக்கும் கையும் கொன்ற கையும் ஒரே தட்டில் சோறுண்ணும் கைகள். அந்தக் கால ஃபகீஹ்களுக்கு, அதாவது மார்க்கச் சட்ட அறிஞர்களுக்கு, இது தெரியாமல் இல்லை. அவர்கள் இதை எதிர்கொண்ட விதத்தில் சில இடங்கள் நம்மை நெருடும். சில இடங்கள் வியக்க வைக்கும்.

நெருடும் இடம், உங்கள் மகள் படித்ததுதான். "பிள்ளைக்காகத் தந்தையிடம் பழி வாங்கப்படாது" என்ற ஹதீஸை வைத்து, ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகள் மூன்றும், பிள்ளையைக் கொன்ற தந்தை, தாய், பாட்டன், பாட்டி ஆகியோருக்குக் கிசாஸ் இல்லை என்கின்றன. பிள்ளை உலகுக்கு வரக் காரணமானவர், பிள்ளையின் காரணமாக உலகை விட்டுப் போகக்கூடாது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். மாலிகி மத்ஹபு இதை அப்படியே ஏற்கவில்லை. கண்டிக்கப் போய்க் கை மீறிவிட்ட தந்தையையும், பிள்ளையைக் கிடத்தி அறுத்த தந்தையையும் அது பிரித்துப் பார்க்கிறது. பின்னவனுக்குக் கிசாஸ் உண்டு என்கிறது. என் சிற்றறிவுக்கு மாலிகிகளின் பார்வையே நியாயமாகப் படுகிறது. ஆனால் நான் வழக்கறிஞன், முஃப்தி அல்லன்.

கிசாஸ் இல்லை என்றால் தண்டனையே இல்லை என்று ஆகிவிடாது. இமாம் மாலிக் அவர்களின் முவத்தா என்ற ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ள ஒரு வழக்கை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். முத்லிஜ் கோத்திரத்தைச் சேர்ந்த கத்தாதா என்பவர் தம் மகன்மீது வாளை வீசி எறிந்தார். அது காலில் பாய்ந்து, இரத்தப்போக்கு நிற்காமல் மகன் இறந்துபோனான். செய்தி கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. குதைத் என்ற நீர்நிலையருகே 120 ஒட்டகங்களை எண்ணி நிறுத்தி வையுங்கள், நான் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்கள். வந்தவர்கள் அவற்றிலிருந்து 100 ஒட்டகங்களைப் பிரித்தெடுத்தார்கள்: மூன்று வயது கடந்தவை 30, நான்கு வயது கடந்தவை 30, சினையானவை 40. பிறகு, "கொல்லப்பட்டவனின் சகோதரன் எங்கே?" என்று கேட்டார்கள். அவன் முன்னால் வந்ததும், "இவற்றை நீ எடுத்துக்கொள், கொன்றவருக்கு ஒன்றும் கிடையாது என்று அல்லாஹ்வின் தூதர் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்கள்.

மகனின் வாரிசு என்ற முறையில் அந்த ஒட்டகங்களில் முதல் உரிமை தந்தைக்குத்தான் இருந்திருக்க வேண்டும். உயிரைக் கொடுக்காமல் தப்பிய தந்தை, தான் கட்டிய தண்டத்தைத் தானே வாரிசாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கேலிக்கூத்தை உமர் அவர்கள் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டார்கள். உங்கள் வழக்குக்கான விடையும் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

கணவன் மனைவியைக் கொன்றால்? அடிப்படையில் கிசாஸ் உண்டு. ஆனால் அந்த மனைவிக்கு அவன் மூலம் பிறந்த பிள்ளைகள் இருந்தால், தாயின் இரத்தத்துக்குப் பழி கேட்கும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேருகிறது. பிள்ளை தகப்பனிடம் பழி கேட்க முடியாது. ஆகவே கிசாஸ் விழுந்துவிடுகிறது. பழி கேட்கும் உரிமையை வீடு, நிலம் போலப் பங்கிட்டுச் செல்லும் ஒரு சொத்தாகக் கருதியதன் விளைவு இது. இதைக் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்த்த ஒரு புதிர்க் கணக்குப் பழைய ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் உண்டு. சகோதரர் இருவரில் ஒருவன் தந்தையைக் கொன்றுவிட்டான். பிறகு மற்றவன் தாயைக் கொன்றான். இருவரையும் என்ன செய்வது? தந்தையின் இரத்தத்தில் எட்டில் ஒரு பங்கு உரிமை அவருடைய மனைவிக்கு இருந்தது. அவள் கொல்லப்பட்டதும், அவளைக் கொன்றவனுக்கு வாரிசுரிமை இல்லாததால், அந்த எட்டில் ஒரு பங்கு தந்தையைக் கொன்றவனிடமே வந்து சேருகிறது. தன் உயிரின்மீதே தனக்கு ஒரு பங்கு உரிமை வந்துவிட்டதால் அவனைக் கொல்ல முடியாது. மீதி எட்டில் ஏழு பங்கு தியத்தை அவன் கட்ட வேண்டும். தாயைக் கொன்றவனுக்கோ கிசாஸ் உண்டு. இதைக் கேட்டால் சிலர் சிரிப்பார்கள். எனக்கு இது அந்தச் சட்டத்தின் எலும்புக்கூட்டை எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவதுபோல இருக்கிறது.

சரி, கிசாஸ் விழுந்த இடத்தில் அரசு என்ன செய்யலாம்? தஃஸீர் எனப்படும், நீதிபதி அல்லது அரசு தீர்மானிக்கும் தண்டனை அங்கே இருக்கிறது. வலீ மன்னித்த பிறகும் கொலைகாரனுக்கு நூறு கசையடியும் ஓராண்டுச் சிறையும் உண்டு என்பது மாலிகிகளின் நிலை. சமூகத்துக்கே தீங்காகும் கொலையில் வலீயின் மன்னிப்பையும் தாண்டி அரசு தண்டிக்கலாம் என்று சொல்லும் பிற அறிஞர்களும் உண்டு. ஆகவே, மன்னிப்பு என்ற கதவைத் திறந்து வைத்த ஷரீஅத், அதற்குப் பின்னால் இன்னொரு கதவையும் வைத்திருக்கிறது. அதைப் பூட்டுவதும் திறந்து போடுவதும் ஆட்சியாளர்களின் பொறுப்பு.

பாகிஸ்தானில் அதைத் திறந்து போட்டார்கள். அங்கே 1990 வரை, நம் நாட்டில் 2024 வரை இருந்த அதே 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம்தான் இருந்தது. கிசாஸும் தியத்தும் இல்லாத கொலைப்பிரிவு இஸ்லாத்துக்கு முரணானது என்று 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஷரீஅத் அமர்வு தீர்ப்பளித்தது. 1990-இல் அவசரச் சட்டமாக வந்து, 1997-இல் நிரந்தரச் சட்டமான புதிய பிரிவுகளில், பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ கொன்றவருக்கும், தம் நேர் வாரிசே வலீயாக இருக்கும் கொலைகாரருக்கும் கிசாஸ் இல்லை என 306-ஆவது பிரிவு எழுதிவைத்தது. 309-ஆவது பிரிவு மன்னிப்புக்கும், 310-ஆவது பிரிவு சமரசத்துக்கும் வழி திறந்தன. தஃஸீர் தண்டனை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தும் அது கட்டாயமாக இல்லை. விளைவு, அண்ணன் தங்கையைக் கொல்வான், தந்தை மன்னிப்பார், கோப்பு மூடப்படும்.

2004-இல் ஒரு திருத்தம் வந்தது, போதவில்லை. 2016 ஜூலையில் முல்தானில், சமூக ஊடகங்களில் பெயர்பெற்ற கந்தீல் பலோச் தம் சொந்தத் தம்பியாலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் மீண்டும் சட்டத்தைத் திருத்தியது. "கௌரவத்தின் பெயரால்" நடக்கும் கொலையில் வலீ மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்றானது. 2019-இல் தம்பிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் 2022 பிப்ரவரியில், பெற்றோரின் மன்னிப்பும் காரணமாக, லாகூர் உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. இது கௌரவக் கொலை என்ற வரையறைக்குள் வருமா என்ற கேள்வியும் வழக்கைக் கரைத்துவிட்டது. ஓட்டையை அடைத்தவர்கள், அடைத்த இடத்துக்கு ஒரு பெயர்ப்பலகையும் மாட்டினார்கள்; அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று காட்டினால் ஓட்டை மறுபடி திறந்துவிடுகிறது. ஈரானில் நிலை இன்னும் கடுமையானது. அங்கே 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 301-ஆவது பிரிவு தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனுக்கும் மட்டும் கிசாஸிலிருந்து விலக்கு அளிக்கிறது. தாய்க்கு அந்த விலக்கு இல்லை. 2020-இல் கீலான் மாகாணத்தில் 14 வயது மகளை அரிவாளால் கொன்ற தந்தைக்குக் கிடைத்தது ஒன்பது ஆண்டுச் சிறை.

"கௌரவக் கொலை" என்று ஒரு பாடம் எந்த ஃபிக்ஹு நூலிலும் இல்லை என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஒரு பெண்ணின்மீது விபசாரப் பழி சொல்கிறவன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிட்டால் அவனுக்குத்தான் 80 கசையடி என்கிறது 24:4. மனைவியோடு ஒருவனைக் கண்டு கொன்றுவிட்டதாகச் சொன்ன ஒருவனின் வழக்கில், நான்கு சாட்சிகளைக் கொண்டுவராவிட்டால் அவனையே கட்டிப் பழிக்கு ஒப்படையுங்கள் என்று அலி (ரலி) அவர்கள் விடையளித்ததும் முவத்தாவில் இருக்கிறது. மனைவியைக் கையும் களவுமாகக் கண்டு கொன்ற கணவனுக்குச் சலுகை தந்த அரபு நாட்டுச் சட்டப் பிரிவுகள் பலவற்றின் வேர், 1810-ஆம் ஆண்டின் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 324-ஆவது பிரிவில் இருக்கிறது. நம் ஊரிலும் சாதியின் பெயரால் பெற்றோரே பிள்ளைகளைக் கொல்கிறார்கள். அதற்கு எந்த ஷரீஅத்தும் தேவைப்படவில்லை. ஆனாலும் இதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கொலையை மார்க்கம் தூண்டவில்லை என்பது உண்மை. மார்க்கத்தின் பெயரால் எழுதப்பட்ட சட்டம் கொலைகாரனுக்கு வெளியேறும் வாசலைக் காட்டியது என்பதும் உண்மை. உங்கள் மகள் இரண்டையும் தெரிந்துகொள்ளட்டும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

இந்திய முஸ்லிம்களுக்கு ஷரீஅத் பொருந்துவது 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணம், வாரிசுரிமை, ஹிபா (அன்பளிப்பு), வக்ஃபு போன்றவற்றில்தான், குற்றவியலில் அன்று. ஒரு காலத்தில் நம் நாட்டிலும் குற்ற வழக்குகளில் காஸியும் முஃப்தியும் ஃபத்வா தந்தார்கள். 1790-களில் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று வாரிசுகளின் மன்னிக்கும் உரிமை. இன்னொன்று உங்கள் வழக்கோடு தொடர்புடையது. மரக்கட்டை, கல் போன்றவற்றால் அடித்துக் கொன்றால் அது முழுமையான வேண்டுமென்றே செய்த கொலை ஆகாது, எனவே கிசாஸ் இல்லை என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும், உயிரைப் போக்கக்கூடிய எதுவாயினும் அது கொலைக்கருவிதான் என்றார்கள். கார்ன்வாலிஸ் கருவியை விட்டுக் கொன்றவனின் நோக்கத்தைப் பார்க்கச் சொன்னார். 1862 ஜனவரி 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இந்த விவாதமே பழங்கதையாகிவிட்டது. 2022-இல் நடந்த உங்கள் வழக்குக்குப் பொருந்தும் அந்தச் சட்டத்தின் 302-ஆவது பிரிவுக் குற்றம், அதாவது கொலை, தரப்பினர் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இல்லை. உங்கள் மாமியாரின் மன்னிப்பை உயர் நீதிமன்றத்தில் சொன்னாலும் அதற்காக வழக்கு முடிந்துவிடாது.

ஷரீஅத்படியே பார்த்தாலும், மனைவி என்ற வலீயின் மன்னிப்பு கிசாஸை மட்டும்தான் நீக்கும். பங்கு அதனால் திரும்பி வராது. கொலையாளியை வாரிசுரிமையிலிருந்து விலக்குவது வலீக்குச் சொந்தமான உரிமை அன்று, அவர் விட்டுக்கொடுப்பதற்கு. ஹனஃபி மத்ஹபில், நேரடியாகச் செய்த கொலை தவறுதலாக நடந்திருந்தாலும்கூட வாரிசுரிமை போய்விடும். சிறுவனுக்கும் புத்தி பேதலித்தவனுக்கும் விலக்கு உண்டு. ஆகவே "உலக்கைதானே, அரிவாள் இல்லையே" என்று யாராவது அபூஹனீஃபாவின் பெயரைச் சொல்லி வந்தாலும் விடை மாறாது.

கணக்கு இப்படி வரும். உங்கள் மச்சானையும் சேர்த்திருந்தால், நாத்தனார் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொண்டு, சொத்தை 40 பங்காக்கி மாமியாருக்கு 5, மகன்கள் இருவருக்கும் தலா 14, மகளுக்கு 7 என்று பிரித்திருப்பார்கள். அவரை நீக்கினால் 24 பங்கில் மாமியாருக்கு 3, உங்கள் கணவருக்கு 14, நாத்தனாருக்கு 7. நாத்தனார் இல்லையென்றால் மாமியாரின் எட்டில் ஒன்று போக மீதி முழுவதும் உங்கள் கணவருக்கே. மச்சானின் பிள்ளைகள் தங்கள் தகப்பனின் இடத்தில் நின்று பங்கு கேட்க முடியாது. இன்னொரு மகன் உயிரோடு இருப்பதால் பேரப்பிள்ளைகள் விலகிவிடுகிறார்கள். விளைநிலம் இருந்தாலும் இதே கணக்குத்தான். 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைத்த விளைநிலத்தைச் சென்னை மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து உள்ளே கொண்டுவந்துவிட்டது.

தாலுகா அலுவலகம் தரும் வாரிசுச் சான்றிதழில் மச்சானின் பெயரும் இருக்கும். தாசில்தார் யார் பிள்ளை என்று எழுதுவாரே தவிர, யாருக்கு உரிமை போயிற்று என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். அந்தச் சான்றிதழைக் காட்டி யாரும் கையெழுத்துக் கேட்டால் இடாதீர்கள். மேல்முறையீடு முடியும்வரை பாகப்பிரிவினைப் பத்திரம் எதையும் பதிய வேண்டாம். அவசரமாகப் பிரித்தே ஆக வேண்டிய நிலை வந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து, வாரிசுரிமைத் தடையை அங்கேயே தீர்மானிக்கச் சொல்லுங்கள்.

மாமியாருக்கு மகன்மீது இருக்கும் பாசத்தை நீங்கள் குற்றமாகப் பார்க்கத் தேவையில்லை. அவர் விரும்பினால் தம்முடைய 3 பங்கிலிருந்து எதையும் மகனுக்கு ஹிபாவாகக் கொடுக்கலாம். கொடுக்கிறேன் என்று சொல்வதும் ஏற்றுக்கொள்வதும் போதாது, அனுபோகமும் கைமாற வேண்டும். உங்கள் மச்சானுக்கு வாரிசுரிமை போனது அத்தாவின் சொத்தில் மட்டும்தான். தாயின் சொத்தில் நாளை அவருக்குள்ள உரிமை அப்படியே இருக்கிறது. மச்சானின் பிள்ளைகளை நினைத்து உங்கள் கணவரின் மனம் உறுத்தினால், மாமியார் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குவரை பேரப்பிள்ளைகளுக்கு வஸிய்யத் (உயில்) எழுதலாம். அவர்கள் அவருக்கு வாரிசுகளாக வராதவர்கள் என்பதால் அதற்குத் தடை இல்லை. உங்கள் கணவரும் நாத்தனாரும் தங்கள் பங்கிலிருந்து விருப்பப்பட்டு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் நல்லதே. எழுதும் பத்திரத்தில் அதை "மூத்த மகனின் பங்கு" என்று குறிப்பிடாமல், தங்கள் சொந்தப் பங்கிலிருந்து தரும் ஹிபா என்றே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் வரைவை எனக்கோ உங்கள் ஊர் வழக்கறிஞருக்கோ காட்டுங்கள்.